எல்லை நகர்ந்தபோது

கேள்வி: சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்றால், சிறுபான்மையினருக்குத் தனி உரிமை எதற்கு? (வாசகர், மணவாளக்குறிச்சி)

பதில்: மணவாளக்குறிச்சி அடங்கிய கல்குளம் தாலுகாவின் தமிழர்கள் 1956 அக்டோபர் 31 வரை திருவிதாங்கூர்-கொச்சியின் மொழிச் சிறுபான்மையினர். மறுநாள் தாலுகா சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. வீடு மாறாமலே அங்கிருந்த மலையாளிகள் சிறுபான்மையினர் ஆனார்கள். நீங்கள் சொல்லும் சமத்துவத்தின் அடிப்படையான தாராளவாதம் தனிமனிதரைத்தான் கணக்கில் எடுக்கும். ஆனால் பள்ளிப் பாடமும் பத்திரப் பதிவும் ஏதோ ஒரு மொழியில்தானே நடந்தாக வேண்டும்? அது பெரும்பான்மையின் மொழியாகவே அமையும் சாய்வை ஈடுகட்டத்தான், சிறுபான்மையினரின் மொழி, கல்வி உரிமைகளைக் காக்கும் அரசியலமைப்பின் 29, 30-ஆம் பிரிவுகள். கனடாவின் தத்துவவாதி வில் கிம்லிக்கா 1995-இல் இத்தகைய தனி உரிமைக்குத் தாராளவாத நியாயமே சொன்னார். குழு தன் உறுப்பினரையே அடக்க அந்த உரிமை உதவாது என்றும் வரம்பிட்டார். கல்குளத்தில் கண்டதுபோல் எல்லையோடு சிறுபான்மையும் மாறும்; யார் சிறுபான்மை என்பதை மாநிலவாரியாகவே பார்க்க வேண்டும் என்று டி.எம்.ஏ. பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்தது.