இறந்தவருக்கு வரவேண்டிய பணம்

தம்பி,

நேற்று புனே சிவாஜிநகர் நீதிமன்ற வாசலில் உன்னிடம் பேசிக்கொண்டிருந்தாரே, கட்கியிலிருந்து வந்த அம்மா, அவருக்காகத்தான் இந்தக் கடிதம். கணவர் கொடுத்த கைக்கடனை வசூலிக்க, ஊர்த் தாசில்தார் தந்த வாரிசுச் சான்றிதழைக் கொண்டுவந்திருந்தார். நம் ஆட்கள் முதலில் நீட்டுவது அதைத்தான். யார் யார் வாரிசு என்று அது சொல்லும். நீதிமன்றத்தில் கடனை வசூலிக்கப் போதாது. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 214ஆம் பிரிவில், புரொபேட்டோ (உயிலுக்கு நீதிமன்றம் தரும் சான்று) சக்சஷன் சர்டிபிகேட்டோ (கடனை வசூலிக்க நீதிமன்றம் தரும் சான்று) அதற்கு ஈடான நீதிமன்ற ஆவணமோ கேட்கிறது. கணவர் கடைசிவரை குடியிருந்தது புனேயில். சக்சஷன் சர்டிபிகேட்டுக்கான மனுவும் இங்கேதான், அந்த அம்மாவை ஊருக்கு அலையவிடாதே.

மனு போட்டால் உறவினர்களுக்கு நோட்டீஸ், பத்திரிகை விளம்பரம் என்று மாதங்கள் ஓடும். இந்தக் கட்டத்தில்தான் நான் ஒரு குடும்பத்தைக் கைவிட்டேன். தொழிலுக்கு வந்த புதிது. சர்டிபிகேட் வரட்டும், பிறகு வழக்குப் போடலாம் என்று காத்திருந்தேன். கைக்கடனுக்குக் கெடு, கொடுத்த நாளிலிருந்து 3 வருடம். ஓடத் தொடங்கிய கெடு, கொடுத்தவர் இறந்தார் என்பதற்காக நிற்காது. சர்டிபிகேட் கைக்கு வந்தபோது கெடு முடிந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. மூன்று பிள்ளைகளின் படிப்புக்கான பணம் அது.

214ஆம் பிரிவு தடுப்பது டிக்ரியைத்தான், வழக்குத் தாக்கலை அல்ல. முதலில் தாவாவைப் போடு. டிக்ரிக்கு முன் சர்டிபிகேட்டைக் காட்டு. கெடுவுக்குள் கடன்காரர் எழுதிக் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டால், அன்றிலிருந்து கெடு புதிதாக ஓடும். அதையும் கேட்டுப் பார்.

கடன்காரரை அயோக்கியன் என்று முடிவுகட்டிவிடாதே. இன்று மனைவியிடம் கொடுத்தால் நாளை அண்ணன் வந்து கேட்பாரோ என்ற பயத்தில்தான் பலர் தயங்குகிறார்கள். சர்டிபிகேட் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு செலுத்தினால் அந்தக் கடன் தீர்ந்தது என்கிறது 381ஆம் பிரிவு. நோட்டீசிலேயே அதை எழுது.

ஆனால் சர்டிபிகேட் வாங்கியவர் அந்தப் பணத்துக்கு முழுச் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. மற்ற வாரிசுகளின் பங்கைக் கொடுத்தாக வேண்டும். நாமினியும் பொதுவாக அப்படித்தான். ஆயுள் காப்பீட்டுப் பணத்தைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1984இல், சர்பதி தேவி வழக்கில், இதையே சொன்னது; 2015ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, மனைவி, பிள்ளைகள், பெற்றோர் நாமினியாக இருந்தால் காப்பீட்டுப் பணத்துக்கு அது பொருந்தாது. முதல் நாளே குடும்பத்தாரை உட்காரவைத்துச் சொல்லிவிடு. வசூலில் பங்கு என்று ஃபீஸ் பேசாதே. பார் கவுன்சில் விதி அதை அனுமதிப்பதில்லை.

இன்று மாலையே அந்த அம்மாவின் வீட்டுக்குப் போ. கடன் எழுதிய தாளில் என்ன தேதி இருக்கிறது என்று பார்த்து எனக்குப் போன் செய்.