ரெட் அலர்ட் வந்தாச்சு… அப்புறம்?

டிவியில் ‘ரெட் அலர்ட்’ என்று ஓடியதும் பால் பாக்கெட் வாங்க ஓடுகிறோம். தாமதம்! இந்திய வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் மஞ்சள் என்றால் கவனித்திருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள். சிவப்பு என்றால் உடனே செயலில் இறங்குங்கள். கடைக்குப் போக வேண்டியது ஆரஞ்சிலேயே.

மழைக்கான சிவப்பு, பெரும்பாலும் 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் கொட்டலாம் என்பதற்கானது. மாவட்டத்தில் ஓரிரு இடத்தில் பெய்தாலும் எச்சரிக்கை மாவட்டத்துக்கே. அதனால், ‘நம்ம தெருவில் வெயில் அடிக்குதே’ என்று கேலி பேச வேண்டாம்.

ஆரஞ்சு வந்ததும் மொட்டைமாடிக்கு ஏறி, மழைநீர்க் குழாயின் வாயை அடைத்திருக்கும் சருகை அள்ளிவிடுங்கள். போன், பவர் பேங்க் சார்ஜில் இருக்கட்டும். பத்திரம், ரேஷன் கார்டெல்லாம் பாலிதீன் கவரில் சுற்றிப் பரணுக்கு.

சிவப்பில் தரைத்தளக்காரர்கள் தண்ணீர் ஏறும் முன்பே மெயின் சுவிட்சை அணைத்துவிடுவது நல்லது. முன்னால் போன பஸ் தாண்டிவிட்டதே என்று சுரங்கப்பாதைத் தண்ணீரில் வண்டியை இறக்காதீர்கள். தமிழ்நாட்டில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. இரண்டையும் இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள்.