பழைய பிளேயரும் புனல் ஸ்பீக்கரும்

நம்பிக்கை: அந்தக் கால ரெக்கார்டு பிளேயரின் ஒலிக்கு இன்று வரும் எதுவும் ஈடாகாது.

உண்மை: அந்தப் பெருமையில் பாதி பிளேயருக்குச் சேர வேண்டியதே அல்ல.

அவிநாசி, பல்லடம், ஊத்துக்குளிப் பக்கம் ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால், கல்யாண வீட்டு வாசலில் உயரக் கட்டிய புனல் ஸ்பீக்கரில்தான் தொடங்குவார்கள். ரேடியோ செட்டுக்காரர் ரெக்கார்டை மாற்றி மாற்றிப் போட, பாட்டு அடுத்த ஊருக்கும் கேட்கும். அந்தக் கணீர் இப்போது எங்கே என்ற ஆதங்கம் பேச்சோடு வந்துவிடும். கணீர் பொய்யல்ல, ஆனால் அது புனலின் வேலை. மனிதக் குரல் நிற்கும் நடுப்பகுதி ஒலியைத்தான் புனல் பலமாகத் தள்ளும். ஆழமான அடி ஒலி அதில் ஏறக்குறைய வரவே வராது. மிக நுண்ணிய மேல் ஒலியும் மங்கிவிடும். இதில் பிளேயருக்கு ஒரு லாபம் உண்டு. மோட்டாரின் அதிர்வு முள் வழியே ஏறிப் பாட்டுக்கு அடியில் உறுமுவது பழைய மெஷின்கள் பலவற்றின் குறை. புனலில் அந்த உறுமல் கேட்காது, ரெக்கார்டின் கரகரப்பும் கொஞ்சம் அடங்கும். அதே பிளேயரைச் சப்-ஊஃபர் வைத்த இன்றைய வீட்டு ஸ்பீக்கரில் மாட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

பிளேயரின் வேலை என்ன? ரெக்கார்டைச் சீரான வேகத்தில் சுற்ற வேண்டும், அதிர்வை முள்ளுக்கு அனுப்பாமல் இருக்க வேண்டும். நிட்டிங் மெஷினில் நூல் ஒரே சீராக இறங்காவிட்டால் துணியில் குறுக்கே கோடு விழுவதைப் போல, தட்டின் வேகம் ஏறி இறங்கினால் நீளமான வீணை நாதமும் நாதஸ்வரக் கார்வையும் நடுங்கிப் போகும். 1950களின் நல்ல மெஷின்களில் மோட்டாரின் சுழற்சியை ஒரு ரப்பர் சக்கரம் தட்டுக்குக் கடத்தியது. கூடவே அதிர்வையும் கடத்தியது. 1961இல் அமெரிக்காவின் எட்கர் வில்ச்சர் பெல்ட்டால் சுற்றும் தட்டை ஸ்பிரிங் மேல் மிதக்கவிட்டு, குறைந்த விலையிலேயே அதிர்வை அடக்கிக் காட்டினார். 1970இல் டெக்னிக்ஸ் எஸ்பி-10 வந்தது. மோட்டாரே தட்டை நேராகச் சுற்றியது. 1979இன் எஸ்எல்-1200 எம்கே2 மாடலில் வேக அலைவு 0.025 சதவீதம்தான். 2010இல் நின்றுபோன அந்த வரிசை, மோட்டாரைப் புதிதாக வடிவமைத்து 2016இல் திரும்பி வந்தது. அளந்து பார்த்தால் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிகிறது.

அதற்காகப் பழையதெல்லாம் மட்டம் என்று அர்த்தமில்லை. கேரார்ட் 301, தோரன்ஸ் டிடி 124 போன்றவற்றை ஒழுங்காகச் சீர்செய்தால் இன்றும் பிரமாதமாக ஓடும். ஆனால் அவை அந்தக் காலத்தின் உச்சாணிக் கொம்பு. நம் வீடுகளில் இருந்தவற்றில் பெரும்பங்கு எச்எம்வி ஃபியஸ்டா மாதிரியான எளிய பெட்டிகள். கேரார்டைக் காட்டி ஃபியஸ்டாவுக்குப் புகழ் தேடுவது நியாயமில்லை. புதியது என்பதாலேயே நல்லது என்றும் சொல்ல முடியாது. சூட்கேஸ் வடிவில் இப்போது விற்கும் மலிவான பிளேயர்கள் பலவற்றில் முள் ஐந்தாறு கிராம் எடையோடு ரெக்கார்டை அழுத்துகிறது. நல்ல கார்ட்ரிட்ஜுக்கு இரண்டு கிராமே தாராளம்.

வெளிநாட்டிலிருந்து வந்த பழைய செட் என்றாலே உசத்தி என்ற எண்ணம் வேறு. அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50. மின்சாரத்தின் ஹெர்ட்ஸை நம்பி ஓடும் பழைய அமெரிக்க மோட்டார் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். வோல்டேஜை மாற்றும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் இது தீராது. கப்பியை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் 5 கட்டையில் பாடியவர் ஏறத்தாழ 3 கட்டையில் பாடுவார். அதைக் கேட்டு 'என்ன கனமான குரல்' என்று மெச்சுவதும் நடக்கக்கூடியதே!

பழைய பிளேயர் உண்மையிலேயே முந்தும் இடம் 78 சுற்று ரெக்கார்டு. கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளின் ஆரம்பகாலப் பாட்டுகள் வந்தது அதில்தான். இன்றைய பிளேயர்கள் பலவற்றில் 33, 45 இரண்டு வேகம்தான். முள்ளும் எல்பிக்கு ஏற்ற மெல்லிய முள். 78இன் பள்ளத்துக்கு மூன்று மடங்கு தடித்த முள் வேண்டும். பழைய எச்எம்வி பெட்டிகளில் கார்ட்ரிட்ஜிலேயே இரண்டு முள்ளும் இருக்கும், திருப்பிவிட்டால் போதும். ரப்பர் சக்கரம் தட்டையாகிப் போயிருக்கிறதா, முள் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ரெக்கார்டை வைக்க வேண்டும்.