பேச இயலாதவரின் நம்பிக்கை

நம்பிக்கை என்பதை இருவருக்கிடையே அமையும் உறவாகவே நாம் பெரும்பாலும் கருதுகிறோம். மருத்துவமனையில் படுத்திருக்கும் நோயாளி யாரை நம்புகிறார்? காலையில் மருந்து கொடுத்த செவிலியர் மதியம் வீடு திரும்பிவிடுகிறார். இரவில் வருபவர் வேறொருவர். இவர்களுள் எவரையும் நோயாளி தேர்ந்தெடுக்கவில்லை. பலரது பெயர்கூட அவர் அறியார். ஆயினும் தம் உடலையே அவர்களிடம் ஒப்படைக்கிறார்.

இது எத்தகைய நம்பிக்கை என்பதை ஆராய மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் நிகழ்ந்த ஒன்று உதவும். அங்குப் பணியாற்றிய இளம் செவிலியரான அருணா ஷான்பாக், 1973 நவம்பர் 27 அன்று மருத்துவமனையினுள்ளேயே ஊழியர் ஒருவரால் கொடூரமாகத் தாக்கப்பட்டார். மூளை மீளாத பாதிப்புக்கு உள்ளானது. 2015 மே 18 அன்று காலமாகும்வரை, ஏறத்தாழ 42 ஆண்டுகள், அம்மருத்துவமனைச் செவிலியரே அவரைப் பராமரித்தனர்.

உச்ச நீதிமன்றம் நியமித்த மருத்துவர் குழு 2011-இல் அவரைப் பரிசோதித்தபோது, அவர் உடலில் படுக்கைப் புண் இல்லை என்று குறிப்பிட்டது. இதன் பொருளைச் செவிலியர் நன்கு அறிவர். அசையாமல் கிடப்பவரைச் சில மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். எலும்பு அழுந்தும் இடுப்பு, முதுகு, குதிகால் ஆகிய இடங்களைப் பார்வையிட வேண்டும். தோலில் ஈரம் தங்கலாகாது. உணவு மூச்சுக்குழலுக்குள் போய்விடாதவாறு தலையை உயர்த்திப் பொறுமையாக ஊட்ட வேண்டும். ஒருவேளை புரட்டாமல் விட்டால் உடனே எதுவும் தெரிவதில்லை. அலட்சியம் தொடர்ந்து, புண்ணாக வெளிப்படும்போது, தவறு எந்த ஷிஃப்டில் நேர்ந்தது என்று கண்டறியவும் இயலாது. நோயாளியோ புகார் கூற முடியாதவர். அவர் நன்றியும் கூறப் போவதில்லை.

1973-இல் 20 வயதில் பணியேற்றவருக்கு 2015-இல் வயது 62. எனவே அந்தப் பராமரிப்பைத் தொடக்கம்முதல் இறுதிவரை ஒருவரே செய்திருக்க இயலாது. ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொடர்ந்தார்.

அதிக ஊதியத்திற்காக வளைகுடா நாடுகளுக்கோ இங்கிலாந்துக்கோ செல்வது தொழிலறத்திற்கு மாறானதா என்று இளம் செவிலியர் கேட்பதுண்டு. கல்விக் கடனைச் சுமப்பவரிடம் இதைக் குற்றமாகச் சொல்வது நியாயமன்று. உச்ச நீதிமன்ற ஆணையை அடுத்து 2016-இல் மத்திய அரசு அமைத்த குழு, சிறிய தனியார் மருத்துவமனைகளும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அப்படி ஒரு பரிந்துரை தேவைப்பட்டதே நிலைமையை உணர்த்துகிறது. ‘சேவை’ என்னும் சொல்லைக் காட்டி ஊதியத்தைக் குறைப்போர் பிறருக்கு அறம் உரைக்கத் தகுதியற்றவர்கள்.

பணியிலிருந்து விலகுவதால் நம்பிக்கை முறிவதில்லை. ஒப்படைப்பதில் பொய் கலக்கும்போதுதான் முறிகிறது. கொடுக்காத மருந்தைக் கொடுத்ததாகக் குறிப்பேட்டில் எழுதும் ஒரு வரியை நம்பியே அடுத்தவர் செயல்படுகிறார். அவர் நேர்மையானவராக இருந்தும் தவறு செய்ய நேர்கிறது. தவறான அளவில் மருந்து கொடுத்துவிட்டால் அதை உடனே தெரிவிப்பவரே நோயாளியைக் காப்பவர். தண்டனைக்கு அஞ்சி அவரை மறைக்கத் தூண்டும் நிர்வாகத்திற்கும் இதில் பொறுப்பு உண்டு.

அருணாவுக்கு உணவளிப்பதை நிறுத்த அனுமதிக்குமாறு எழுத்தாளர் பிங்கி விரானி 2009-இல் மனு செய்தார். மருத்துவமனையினர் எதிர்த்தனர். 2011 மார்ச் 7 அன்று நீதிமன்றம் மனுவை ஏற்க மறுத்தது. எனினும் மீளாநிலையில் உள்ளவர்களுக்குச் சிகிச்சையை விலக்கிக்கொள்வதைக் கடுமையான நிபந்தனைகளுடன் அனுமதித்தது. விரானியின் கேள்வியும் இரக்கத்தில் பிறந்ததே. நன்கு பராமரிக்கப்படுகிறார் என்பதும், அவர் அவ்வாழ்வை விரும்பியிருப்பாரா என்பதும் வெவ்வேறு வினாக்கள். முதலாவதற்குரிய விடை இரண்டாவதற்கு விடையாகாது. அத்தகைய நிலையில் தமக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றது. அருணாவுக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை. செவிலியருக்கு எஞ்சியது அவரது முகக்குறிப்பு மட்டுமே.