விமானத்தில் டேப்லெட்: பவர் பேங்க் கொண்டு போகலாமா?

கேள்வி: வயதான அப்பாவை அழைத்துக்கொண்டு முதல்முறையாகத் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் போகிறேன். அவர் டேப்லெட்டில் பழைய படங்கள் பார்ப்பார். அதன் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடுகிறது. விமானத்தில் பவர் பேங்கில் சார்ஜ் போட்டுக்கொண்டே பார்க்கலாமா? பவர் பேங்கைப் பெரிய பெட்டியில் வைக்கலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: பெரிய பெட்டியில் பவர் பேங்க் வைக்கவே கூடாது. கைப்பையில்தான் இருக்க வேண்டும். லித்தியம் பேட்டரி உள்ளுக்குள் சூடேறித் தீப்பிடித்தால், சரக்கு அறையில் இருக்கும் தீயணைப்பு வாயுவால் அதை முழுமையாக அடக்க முடியாது. பயணிகள் பகுதியில் என்றால் புகை உடனே கண்ணில் படும். ஊழியர்கள் தீயை அணைத்து, தண்ணீர் ஊற்றிப் பேட்டரியைக் குளிர வைப்பார்கள்.

பவர் பேங்கின் பின்புறத்தில் உள்ள பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். 100 வாட்-மணி வரை பொதுவாக அனுமதி உண்டு. 100 முதல் 160 வரை என்றால் விமான நிறுவனத்திடம் முன்அனுமதி வாங்க வேண்டும். அதற்கு மேல் அனுமதி இல்லை. 20,000 எம்.ஏ.எச். என்று போட்டிருந்தால், 3.7 வோல்ட் கணக்கில் அது 74 வாட்-மணி; கவலையில்லை. எழுத்து அழிந்துபோனதை எடுத்துப் போகாதீர்கள், சோதனையில் தடுத்துவிடுவார்கள்.

கொண்டுபோக அனுமதி இருந்தாலும், பறக்கும்போது பயன்படுத்த அனுமதி இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். 2025 ஜனவரியில் தென்கொரியாவின் பூசான் நகரில், புறப்படத் தயாராக இருந்த ஏர் பூசான் விமானம் தீப்பிடித்தது. உள்ளே இருந்த 176 பேரும் உயிர் தப்பினார்கள். மேல்தட்டில் இருந்த ஒரு பவர் பேங்கே காரணமாக இருக்கலாம் என்றது விசாரணை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்கூட்டும் 2025 ஏப்ரல் 1 முதல், விமானத்தில் பவர் பேங்கால் சார்ஜ் போடுவதையும், பவர் பேங்குக்கே சார்ஜ் ஏற்றுவதையும் தடை செய்துவிட்டன. எமிரேட்ஸும் அதே ஆண்டு அக்டோபரில் தடை விதித்தது. எந்த விமானமானாலும் டிக்கெட் எடுத்த நிறுவனத்தின் விதியைப் புறப்படுமுன் பார்த்துவிடுங்கள்.

சிறிய ரக விமானங்கள் பலவற்றில் இருக்கையில் சார்ஜ் போடும் வசதி இருக்காது. அதனால் வீட்டிலேயே டேப்லெட்டை முழுதாகச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள். படங்களை முன்கூட்டியே டவுன்லோட் செய்து, ஃபிளைட் மோடில் போட்டு, திரை வெளிச்சத்தைக் குறைத்துவிடுங்கள். திருச்சி - சிங்கப்பூர் பயணம் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். நல்ல பேட்டரி தாராளமாகத் தாங்கும். இறங்கியவுடன் மகள், மகன் யாரிடமாவது பேச வேண்டியிருக்கும் என்பதால் உங்கள் போனில் சார்ஜ் மிச்சம் வைத்திருங்கள்.

உங்கள் டேப்லெட்டின் பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது என்கிறீர்கள். பின்பக்கம் உப்பியிருக்கிறதா, அதிகம் சூடாகிறதா என்று பாருங்கள். இருந்தால் பேட்டரியை மாற்றாமல் விமானத்தில் ஏற்றாதீர்கள். பறக்கும்போது போனோ டேப்லெட்டோ இருக்கை இடுக்கில் விழுந்தால், இருக்கையை நகர்த்தவே வேண்டாம்; நசுங்கினால் பேட்டரி தீப்பிடிக்கலாம். கூச்சப்படாமல் உடனே பணிப்பெண்ணை அழையுங்கள்.