பத்துக் கிலோ ஸ்பிரிங்

கூலாய்,
ஞாயிறு இரவு

அன்பு மருமகனுக்கு,

நேற்று நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் கிடைத்தது. பெட்டிக்குள் நாலு அட்ஜஸ்டபிள் அப்சார்பர், ஊதா நிறத்தில் ஸ்பிரிங், கீழே ஒரு வரி: "முன்னுக்கு 10 கிலோ, பின்னுக்கு 8 கிலோ, எடுத்துடலாமா மாமா?" கட்டைவிரல் படம் ஒன்றைத் தட்டிவிட்டுப் படுத்திருப்பேன். ஆனால் நாலாயிரம் வெள்ளி சமாச்சாரம். செனாய் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு பார்த்து நீ சேர்த்த பணம். அதனால்தான் பேனாவை எடுத்தேன். நடுவில் கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்.

10 கிலோ என்றால் என்ன? அந்த ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க 10 கிலோ பாரம் வேண்டும், அவ்வளவுதான். அது ஸ்பிரிங்கைப் பற்றிய செய்தி. உன் காடியைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை.

உன் மாஸ்டா எம்எக்ஸ்-5இன் முன் டயரைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார். ஸ்பிரிங் சக்கரத்துக்கு நேர் மேலே நிற்காது. லோவர் ஆர்மின் நடுவில் எங்கோ கால் ஊன்றி, உள்பக்கம் சாய்ந்து நிற்கும். சக்கரம் ஏறும் அளவுக்கு ஸ்பிரிங் சுருங்காது. எவ்வளவு சுருங்குகிறது என்பதை நீயே அளக்கலாம். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு அப்சார்பரை மட்டும் மாட்டு. அதன் தண்டில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டிப் பேனாவால் கோடு போடு. ஹப்புக்கு அடியில் ஜேக் கொடுத்து 50 மில்லிமீட்டர் தூக்கு. ஹப்பின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை ஸ்கேல் பிடித்தால் அந்த 50 தெரிந்துவிடும். இப்போது டேப்பைப் பார். கோடு 35 மில்லிமீட்டர் உள்ளே போயிருந்தால் விகிதம் 0.7. அதை அதனாலேயே பெருக்கு: 0.49. ஏன் இரண்டு தடவை என்று கேட்பாய். நெம்புகோல் விசையிலும் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறது, தூரத்திலும் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறது. ஆக, நீ காசு கொடுத்தது 10 கிலோவுக்கு, டயருக்குப் போய்ச் சேர்வது 4.9.

இனி எடை. காடி ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு, அதோடு நீ. நாலாகப் பிரித்து, ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் டயர், ரிம், பிரேக் எல்லாவற்றையும் கழித்தால் ஒரு மூலைக்கு ஏறத்தாழ 220 கிலோ என்று வைத்துக்கொள். 220ஐ 4.9ஆல் வகுத்தால் 45 மில்லிமீட்டர், அதாவது 4.5 சென்டிமீட்டர். அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 5ஐ வகு. 2.4 வரும். அந்த மூலை விநாடிக்கு 2.4 தடவை மேலும் கீழும் ஆட விரும்புகிறது என்று அர்த்தம். ஸ்பிரிங்கைப் பற்றிப் பேசினால் இந்த எண்ணைத்தான் பேச வேண்டும். வீட்டுக் காடிகள் ஒன்றுக்குச் சற்று மேலே நிற்கும். சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் காடிகள் ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில். இரண்டுக்கு மேல் போனால் பந்தயத் தடம். இறக்கை வைத்துக் காற்றால் தரையோடு அமுக்கப்படும் பந்தயக் காடிகளுக்கு மூன்றும் அதற்கு மேலும்.

உன் சிநேகிதன் புரோட்டான் சத்ரியாவில் 10 கிலோ போட்டிருக்கிறான், நன்றாகத்தான் இருக்கிறது என்கிறாய். அவன் காடியில் முன்னால் ஸ்ட்ரட். ஸ்பிரிங் சக்கரத்தோடு ஒட்டி நிற்பதால் விகிதம் ஏறக்குறைய ஒன்று. அவனுடைய 10, டயரில் 9 கிலோவாக வந்து இறங்கும். உன்னுடையது 4.9. பெட்டியில் ஒரே எண், தரையில் இரண்டு வேறு ஸ்பிரிங். அவனுக்கு நன்றாக இருப்பதாகச் சொல்வது வேறு விஷயம். 23 வயது முதுகு எதையும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லும்.

நீ செப்பாங் பந்தயத் தடத்தைக் காரணம் காட்டுவாய், தெரியும். வருஷத்துக்கு இரண்டு தடவை டிராக் டே போகிறாய். ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர். நாள் முழுக்க நீ இருபது சுற்று ஓட்டினால் 111 கிலோமீட்டர். கூலாயிலிருந்து அங்கே போய்த் திரும்ப அறுநூறு கிலோமீட்டர் ஆகிவிடும். அந்த அறுநூறையும் இதே ஸ்பிரிங்கில்தானே ஓட்டப் போகிறாய்? மற்ற 363 நாளும் செம்பனை லாரி அமுக்கிக் குழியாக்கிய சாலை, தாமானுக்குள் ஆளுக்கொரு உயரத்தில் கட்டி வைத்த வேகத்தடை, சாயங்கால மழை. கடினமான ஸ்பிரிங் கரடான சாலையில் டயரைத் தரையோடு வைத்திருக்காது, துள்ளவிடும். துள்ளுகிற நேரத்தில் பிரேக்கும் இல்லை, திருப்பமும் இல்லை. ஈரத்தில் அது இன்னும் மோசம்.

இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. உன் வயதில் ஒரு பழைய ஜப்பான் காடியின் பின் ஸ்பிரிங்கை கிரைண்டரால் வெட்டினேன். ஆறு சுற்றில் ஒன்றரை. உயரம் இறங்கிற்று, கடினமும் மூன்றில் ஒரு பங்கு கூடிற்று. பார்க்க ஜோர். அடுத்த வாரம் கோத்தா திங்கி சாலையில், மழை விட்ட கையோடு, ஒரு வளைவின் நடுவில் சின்னப் பள்ளம். இறங்குவதற்கு ஸ்பிரிங்குக்கு இடம் இருந்தால் அது பள்ளமே இல்லை. எனக்கு இரண்டு விரல் இடம்கூட இல்லை. ஸ்டாப்பர் ரப்பர் போய் முட்டியது. அந்தக் கணத்தில் பின்பக்கத்துக்கு ஸ்பிரிங்கே இல்லை, இரும்புக் கட்டைதான். வால் வெளியே போயிற்று, நான் செம்பனை வரிசைக்குள் போனேன். மரத்தில் மோதவில்லை, இரண்டு மரத்துக்கு நடுவில் நின்றது. அது என் சாமர்த்தியம் இல்லை. உன் தாத்தா வந்து பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை, கிரைண்டரை மட்டும் எடுத்துப் பூட்டி வைத்தார்.

அதனால் காடியை இறக்குவதில் கணக்காக இரு. நிற்கும் உயரத்திலிருந்து ஸ்டாப்பர் தொடும்வரை சக்கரம் ஏற குறைந்தது 6 சென்டிமீட்டர் இடம் விடுவது என் வழக்கம். இறக்கி ஓட்ட ஆசைப்படுகிறவன்தான் கடின ஸ்பிரிங்குக்குப் போக வேண்டியிருக்கிறது, இடம் பற்றாததால். கண்டபடி இறக்கிவிட்டு, சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஜேபிஜே சாலைத் தடுப்பில் மாட்டினால் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும்.

இன்னொரு தப்பு எண்ணம். ஸ்பிரிங் கடினமானால் வளைவில் காடி சாயாது, சாயாவிட்டால் எடை வெளிச் சக்கரத்துக்குப் போகாது என்று பட்டறைக்கு வருகிற பையன்கள் எல்லோரும் சொல்கிறார்கள். சாய்வு குறையும், உண்மை. எடை போவது குறையாது. காடியின் எடை, வளைவின் வேகம், எடை மையத்தின் உயரம், இரண்டு சக்கரத்துக்கும் நடுவே உள்ள அகலம், இந்த நாலும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. ஸ்பிரிங் செய்வது அந்த எடையில் முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று பங்கு போடுவது. முன்னால் மட்டும் கடினமாக்கினால் மூக்கு வெளியே ஓடும், பின்னால் மட்டும் கடினமாக்கினால் வால் கிளம்பும். வெறும் சாய்வுதான் உறுத்துகிறது என்றால் ஆன்டி-ரோல் பாரைக் கொஞ்சம் தடிமனாக மாற்று. காசும் குறைவு, நேர் சாலையில் முதுகுக்கும் நல்லது.

முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள உறவை முதலில் ஒழுங்காகப் பிடித்தவர் மாரிஸ் ஆலி என்ற பொறியாளர். 1930களில் ஜெனரல் மோட்டார்ஸில் இருந்தார். மேட்டில் முன் சக்கரம் முதலில் ஏறும், பின் சக்கரம் தாமதமாக ஏறும். உன் காடியின் இரண்டு அச்சுக்கும் இடையே 2.265 மீட்டர். 90 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அந்தத் தாமதம் 0.09 விநாடி. பின்பக்கம் சற்று வேகமாக ஆடினால் முன்பக்கத்தை எட்டிப் பிடித்துவிடும், காடி குதிரைப் பொம்மை மாதிரி முன்னும் பின்னும் ஆடாது. அதனால் பின்னால் 10 சதவீதம் போல அதிகம் வைப்பது சாலைக் காடிக்குப் பழைய வழக்கம். ஸ்பிரிங்கில் இல்லை, அந்த ஆட்ட எண்ணில்.

நீ மெச்சிக்கொள்ளும் எம்எக்ஸ்-5 எங்கிருந்து வந்தது தெரியுமா? 1989இல் மாஸ்டா அதைக் கொண்டுவந்தபோது அவர்கள் முன்மாதிரியாக வைத்திருந்தது 1962இல் வந்த லோட்டஸ் எலான். காலின் சாப்மனுடைய லோட்டஸ் மென்மையான ஸ்பிரிங்குக்குப் பேர் போனது. ஸ்பிரிங் இளகலாக இருக்கட்டும், அடக்குவதை அப்சார்பர் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவர்கள் வழி. அந்த லோட்டஸை 1996இல் நம் புரோட்டான் வாங்கிற்று. சத்ரியா ஜிடிஐயின் பின்னால் 'ஹேண்ட்லிங் பை லோட்டஸ்' என்று ஒட்டியிருப்பது அந்த உறவில் வந்ததுதான். அந்த முத்திரையை ஒட்டியபடியே உன் சிநேகிதன் உள்ளே 10 கிலோ போட்டிருக்கிறானே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. 2002இல் புரோட்டான் பெர்ட்டில் உலக ரேலியின் உற்பத்திக் காடிப் பிரிவில் சாம்பியனான நம் நாட்டுக் கரம்ஜித் சிங்கை எடுத்துக்கொள். மண் சாலையில் ரேலிக் காடி உயரமாக நிற்கும், சக்கரம் நீளமாக ஏறி இறங்கும். வேகம் குறைவு என்று யாராவது சொல்வார்களா?

அப்சார்பரைப் பற்றி ஒரு வரி. ஸ்பிரிங்கை இரண்டு மடங்கு கடினமாக்கினால் அப்சார்பரின் பிடியும் 1.4 மடங்கு கூட வேண்டும். பழைய அப்சார்பரில் புது ஸ்பிரிங் மட்டும் போட்டால் தவளைதான்.

வாங்கும்போது வெர்னியரையும் கொண்டு போ. கம்பியின் கனம் நான்காம் அடுக்கில் வேலை செய்யும். 12 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய கம்பி 12.3 இருந்தால் கடினம் 10 சதவீதம் கூடிவிடும். ஒரே பெட்டியில் வந்த இரண்டு ஸ்பிரிங் வித்தியாசமாக இருந்ததை நானே அளந்து பார்த்திருக்கிறேன்.

சரி, எத்தனை கிலோ? மேலே போட்ட கணக்கு உண்மையானால், முன்னால் 5 கிலோவுக்கு 1.67 வரும், 6 கிலோவுக்கு 1.83. அந்த இடைவெளியில்தான் உன் ஸ்பிரிங் இருக்கிறது. எனக்கு 5 பிடிக்கும், நீ 6 என்று அடம்பிடித்தால் சண்டை போடமாட்டேன். பின்னால் எத்தனை என்று இப்போது சொல்லமாட்டேன். பின் ஆர்மின் விகிதம் வேறாக இருக்கும், அதை இன்னும் அளக்கவில்லை. மேலே நான் போட்ட 0.7கூட உதாரணத்துக்குத்தான். கடைக்காரரிடம் ஒரு வாரம் பொறுக்கச் சொல். முன்பணம் கொடுத்துவிடாதே.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பட்டறைக்கு வா. பெட்ரோல் பாதி டாங்க் இருக்கட்டும், பூட்டில் கிடப்பதை இறக்காதே, டயர் காற்றைச் சரிபார்த்துவிட்டு வா. உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு அந்தக் காடியில்தானே உட்கார்ந்து போகிறாள். நீ ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார், அவள் பக்கத்தில் உட்காரட்டும், நான் வெளியே ஸ்கேல் பிடிக்கிறேன். அவளுடைய எடையும் கணக்கில் வர வேண்டும். எவ்வளவு என்று நான் கேட்கமாட்டேன், நீயே கேட்டுக்கொள்.

அன்புடன்,
மாமா