வலப்புறம் ஒரு நதி

நர்மதையை வலம் வருபவர் நதியை எப்போதும் தமது வலப்புறத்தில் கொண்டே நடக்க வேண்டும். இடையில் எங்கும் அதைக் கடக்கலாகாது. அமர்கண்டக்கில் தோன்றி 1312 கிலோமீட்டர் ஓடிக் கடல் சேரும் இந்நதியின் இரு கரைகளும் சேர்ந்து ஏறத்தாழ 2600 கிலோமீட்டர். மரபு வகுத்த காலமோ 3 ஆண்டு, 3 மாதம், 13 நாள்! கணக்கிட்டுப் பாருங்கள்: மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்கும் சாதுர்மாஸ்யத்தை நீக்கினாலும், நாளொன்றுக்கு மூன்று, நான்கு கிலோமீட்டரே வரும்.

ஏன் இத்தனை நிதானம்?

சில ஆண்டுகளுக்கு முன் ஓங்காரேஷ்வரிலிருந்து தென்கரை வழியே சில நாட்கள் நடந்தேன். முதல் நாளே இருபத்தைந்து கிலோமீட்டர். கால்கள் பாதையில் இருந்தன. மனமோ சேர வேண்டிய இடத்திற்கு எப்போதோ போய்விட்டிருந்தது. அன்றிரவு தர்மசாலையில், மூன்று நாள் முன்பே புறப்பட்டு அங்கு வந்திருந்த முதியவர் ஒருவர், "எந்தெந்த ஊர்கள் வழியாக வந்தீர்கள், மகராஜ்?" என்று வினவினார். ஒன்றின் பெயரும் நினைவில்லை.

மறுநாள் குதிகாலில் கொப்புளம். வேறு வழியின்றி (விருப்பத்தால் அன்று) அவருடன் மெல்ல நடந்தேன். விடியலில் நீராடல். வெயில் ஏறுமுன் சிறிது தூரம். ஓர் ஊரில் 'நர்மதே ஹர்' என்று வரவேற்ற மூதாட்டி எங்களுக்குக் கோதுமை மாவும் பருப்பும் அளந்தார். சுமை கூடுகிறதே என்று என் மனம் முணுமுணுத்தது. முதியவர் அம்மூதாட்டியின் பேரக்குழந்தைகளை விசாரித்துக்கொண்டிருந்தார். அங்கேயே சமைத்து உண்டோம். அன்று நடந்தது ஏழு கிலோமீட்டர்.

இரவு அவர் அதே கேள்வியை மீண்டும் கேட்டார். இரண்டு ஊர்களின் பெயரைச் சொன்னேன். மூன்றாவதை அவர் எடுத்துக்கொடுத்தார்.